அருண்குமார் வருகிற வரைக்கும்

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் தன் வீட்டு மாடியை எத்தனை மாதத்துக்கு வாடகைக்கு விடுவார் என்பது வீட்டைப் பொறுத்த விஷயமில்லை, வந்து நிற்கிற ஆளைப் பொறுத்தது. எதிர்வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்து, துணி காயப்போடுகிற சாக்கிலும் கறிவேப்பிலை கேட்கிற சாக்கிலும் நான் கண்டுபிடித்தது இது.

யாரையும் அவர் நேராக எதுவும் கேட்கமாட்டார். கோயமுத்தூர் கணபதிப் பக்கம் எங்கள் நகரில் அவரைப்போல மரியாதையான மனிதரைப் பார்க்க முடியாது. மோட்டார் பம்பு சாமான் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருக்கிறார். வீடு பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "சொந்த ஊரு எதுங்க?" என்று ஆரம்பிப்பார். ஊரைச் சொன்னால், "அங்க எந்த வளவுங்க, எந்தத் தெருவுங்க?" அப்புறம், "குலதெய்வம் கோயில் எங்கீங்க இருக்குது?" மூன்றாவது கேள்விக்குள் அவருக்கு வேண்டியது தெரிந்துபோகும்.

பதில் பிடித்திருந்தால், "மூணு வருசத்துக்கே எழுதிக்கலாமுங்க, உங்க ஊடு மாதிரி இருங்க" என்பார். பிடிக்கவில்லை என்றாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. மரியாதைதான் இன்னும் கூடும். "தரலாமுங்க, தர்றதுக்கென்னங்க. ஆனா பாருங்க, பையன் ஐதராபாத்துல இருந்து மாத்தலாகி வாரானுங்க. பதினொரு மாசந்தானுங்க முடியும். அதுக்கு மேல ஒரு நாளு கேட்டாலும் முடியாதுங்களே."

பதினொரு மாதத்துக்காக லாரி பிடித்து, பால் காய்ச்சி, கேஸ் விலாசம் மாற்றி யார் குடிவருவார்கள்? வந்தவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணனும் கேட்டு வரைக்கும் வந்து வழியனுப்புவார். ஒருத்தரை இவ்வளவு நோகாமல் வெளியே தள்ளுவதற்குப் பயிற்சி வேண்டும்.

அவருக்குப் பிடித்தவர்களும் வந்தார்கள். மூன்று வருஷம் என்று அவரே நீட்டினார். அப்படி வந்த ஒரு அம்மாள் மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, முட்டி தாங்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்படியாக மாடி ஆறேழு மாதம் பூட்டிக் கிடந்தது. அவர் சம்சாரம் பழனாத்தாள் அக்காவுக்கு மேலே விளக்கு எரியாமல் கிடப்பது மனசுக்கு ஆகவில்லை. ராத்திரியில் யாரோ நடக்கிற மாதிரி இருக்குது என்று என்னிடம் சொல்வார். எலியாக இருக்கும் என்று நான் சொன்னால் அதற்கும் முகம் கோணும்.

போன வருஷம் ஆகஸ்டில் புரோக்கர் தனபால் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் கதிரேசனும் பொற்கொடியும். அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி, அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள் கயல்விழி, எங்கள் வீதிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு நான் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். மரம் அவர்கள் வாசலை ஒட்டி நிற்பது என் குற்றமில்லை.

"உக்கடத்துல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வாராளுங்க" என்றாள் பொற்கொடி. "பத்தாவது படிக்கறப்பவே ரெண்டு ஊடு மாறிட்டோம். ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க. பிளஸ் டூ பரிட்சை முடியற வரைக்கும் ஒரே எடத்துல இருந்துக்குவா. வேற ஒண்ணும் கேக்கலீங்க. பெயின்டுகூட நாங்களே அடிச்சுக்குவோம்."

அண்ணன் தலையாட்டினார். "சொந்த ஊரு எதுங்க?"

"உடுமலைப்பேட்டைங்க" என்றார் கதிரேசன்.

"டவுனுக்குள்ளீங்களா?"

"வெளிய, கிராமமுங்க."

"அங்க எந்த..."

கதிரேசன் சிரித்தார். "நீங்க சுத்தி வர வேண்டாமுங்க. எங்கப்பா பேரு காளிச்சாமி. தென்னந்தோப்புல ஆளா இருந்தாரு. உங்களாட்டம் ஒருத்தரு தோப்புதான். இன்னும் எதாச்சும் தெரியோணுங்களா?"

தனபால் செல்போனை எடுத்து, வராத போனைப் பார்த்தான்.

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க! நாங்க அப்படியெல்லாம் பாக்கறதே இல்லீங்க" என்றார் அண்ணன். "தர்றதுக்கென்னங்க. ஆனா பாருங்க, பையன் ஐதராபாத்துல இருந்து..."

நான் மரத்தடியில் நின்று அடுத்த வரியை அவருக்கு முன்னாலேயே மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொற்கொடி சொன்னாள்: "பதினொரு மாசம்னா பதினொரு மாசமுங்க. வாரோம்."

அதுவரைக்கும் அப்படி யாரும் சொன்னதில்லை. அண்ணன் வாய் திறப்பதற்குள், ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிற தனபால், "அப்ப முடிஞ்சுதுங்களே!" என்று எழுந்துவிட்டான். உள்ளேயிருந்து பழனாத்தாள் அக்கா காலண்டரோடு வந்துவிட்டார். ஆவணியில் நல்ல நாள் பார்த்து, செப்டம்பர் ஒன்று என்று முடிவானது. கடை நடந்த காலத்தில் கடனுக்கு வீடு போய்விடக் கூடாது என்று அண்ணன் வீட்டை அக்கா பேரில் எழுதிவைத்திருந்ததால், அக்ரிமென்டில் அக்காதான் கையெழுத்துப் போட்டார். அண்ணன் விரல் வைத்த இடத்தில் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

தொடங்குகிற நாளுக்கு ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்தார்கள். முடிகிற நாள் எதில் விழுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஜூலை முப்பத்தொன்று என்று தனபாலின் கம்ப்யூட்டர் சென்டர்காரன் அடித்துக் கொடுத்தான், மடித்து பீரோவில் வைத்தார்கள்.

வந்தவர்கள் இருந்தார்கள். மோட்டாரை மறக்காமல் அணைத்தார்கள், மாடிப்படியைக் கழுவினார்கள், வாடகை தேதி மாறாமல் வந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அண்ணனுக்குப் பெரிய குறையாக இருந்தது. "சத்தமே இல்லீங்க அம்மணி, மேல ஆளு இருக்கறாங்களான்னே தெரியறதில்ல" என்று என்னிடம் புகார் மாதிரி சொன்னார். அக்கா இரண்டொரு தடவை பொற்கொடியைக் கூப்பிட்டு சர்க்கரை அளவு பார்க்கச் சொன்னார். பார்த்து முடித்ததும் காபி கொடுத்தார், பேப்பர் கப்பில். அந்த வீட்டில் எனக்கு எவர்சில்வர் டம்ளர்தான் எப்போதும். "எனக்கு மட்டும் கல்யாண மண்டபத்துல குடுக்கறாப்ல குடுக்கறாங்கக்கா" என்று பொற்கொடி என் வாசலில் நின்று சொன்னபோது, நான் எங்கள் வீட்டுச் சிறுவாணித் தண்ணீர் நிலவரத்தைப் பேசினேன்.

ஏப்ரலில் கதிரேசன் கீழே இறங்கி வந்து, இன்னொரு அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். ஜூனில் பிளஸ் டூ தொடங்குகிறது. பரிட்சை வரைக்குமாவது இருக்கவேண்டும்.

"போட்டுக்கலாமுங்க, போடறதுக்கென்னங்க" என்றார் அண்ணன். "பையன் வாரானுங்களே."

பையன் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பையன் அருண்குமாருடைய சம்சாரம் லோகப்பிரியாவின் நம்பர் என் போனில் இருக்கிறது. தை மாசம் அவள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஐதராபாத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், கையில் சாவி, இரண்டு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். சாவி வாங்கினவன் மாற்றலாகி எதற்கு வருகிறான்? அண்ணன் போனிலும் அந்தப் படம் வந்திருக்கும். பழனாத்தாள் அக்காவின் போன் பட்டன் போன். வாடகைக்கு வருகிறவர்களிடம் அண்ணன் "பையன் வாரான்" என்று சொல்லும்போதெல்லாம் அக்கா சமையலறைக் கதவோரம் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பதார்த்தம் கூடுதலாக இருக்கும். மாடிக்கு ஏசி போட வேண்டும், அவனுக்குப் புழுக்கம் ஆகாது என்று என்னிடம் திட்டம் போடுவார். நான் ஆமாம் போட வேண்டும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் அடக்கி வைப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற காரியமா?

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்: "ஏனுங்கண்ணா, அருணு நெசமாவே வாரானுங்களா?"

"உங்க மாமியாருக்கு இடுப்பு வலி எப்படீங்க அம்மணி இருக்குது?" என்றார். அவ்வளவுதான் பதில்.

மே, ஜூன் இரண்டு மாதமும் கதிரேசனும் பொற்கொடியும் வீடு தேடினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கிளம்புவார்கள், வெயில் ஏறியதும் முகம் வாடித் திரும்புவார்கள். என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா? கேட்டேன்.

"சிங்காநல்லூர்ல ஒரு ஊடுங்கக்கா. ரெண்டு வருசம்னு போர்டுலயே எழுதிப்போட்டு வெச்சிருந்தாங்க. எங்க ஊரு, வளவு எதுன்னு சொன்னதும் ஆறு மாசமாயிருச்சு" என்றாள் பொற்கொடி. "பையன் துபாயில இருந்து வாரானாம். வடவள்ளியில ஒருத்தரு பையன் சென்னையில இருந்து வாரான். சரவணம்பட்டியில ஒரு அம்மாளோட மருமகன் வாரானாம். நாங்க போய் ஊடு கேட்டாப் போதும், எல்லா ஊட்டுப் பையனும் மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குக் கெளம்பீர்றான். இவங்க பூராப் பேரும் நெசமா வந்து எறங்குனா கோயமுத்தூர்ல நிக்க எடம் இருக்குமாக்கா?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. மேலே ஜன்னலில் கயல்விழி புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தாள். பக்கம் புரளவே இல்லை.

ஜூலை பிறந்து, ஆனி முடிய சில நாட்கள் இருக்கையில், கதிரேசன் கீழே வந்து, தேதி தவறாமல் முப்பத்தொன்றாம் தேதி காலி செய்துவிடுகிறோம் என்று சொன்னார். ஊரோரத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்துக்கு மூன்று பஸ். அண்ணன் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, வருத்தமாகத் தலையாட்டினார். அக்கா காலண்டரைத் திருப்பினார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட சத்தத்துக்கு நான் கறிவேப்பிலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்தது, அது வேறு.

"ஆடி நடுவுல ஊட்டைக் காலி பண்ணி இருட்டாப் போட்டு வெக்கறதா? கடைசித் தேதியப் பாக்காம என்னத்தைங்க எழுதுனீங்க?" என்று அக்கா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "ஆடியில யாராச்சும் ஊட்ட விட்டுப் போவாங்களா? போனா ஊட்டுக்கு ஆகுமா?"

"தேதி அவன் கம்ப்யூட்டர்ல அடிச்சது" என்றார் அண்ணன்.

"ஆடியையும் அவனா அடிச்சான்?"

தனபாலுக்குப் போன் போட்டு வரவழைத்தார்கள். மாடியிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அண்ணன் பெருந்தன்மையான குரலை எடுத்தார். "ஒண்ணும் அவசரமில்லீங்க. ஆடி கழியட்டுமுங்க. ஆவணி பொறந்ததும் நிதானமாப் போயிக்கலாமுங்க."

"இல்லீங்க" என்றாள் பொற்கொடி. "பேப்பர்ல முப்பத்தொண்ணுன்னு இருக்குது. அதுக்கு மேல ஒரு நாள் இருந்தாலும், ஊட்டப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கறாங்கன்னு பேச்சு வரும். எங்களைச் சொல்றது ரொம்பச் சுளுவுங்க."

"அப்படி யாருங்க சொல்லப் போறாங்க!"

"யாரும் சொல்ல வேண்டாம்னுதாங்க முப்பத்தொண்ணுக்குப் போறோம்."

"அப்ப இன்னொரு பதினொரு மாசம் அடிச்சுட்டு வந்தர்றேனுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்றான் தனபால். அவனுக்கு எல்லா நோய்க்கும் அந்த ஒரு மாத்திரைதான்.

"அதெப்படிப்பா" என்றார் அண்ணன். "பையன் வாரானே."

பொற்கொடி அவரையே பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. "சரிங்க. மாசக் கணக்கே வேண்டாமுங்க. அருண்குமார் வருகிற வரைக்கும்னு எழுதிக் குடுங்க. அவரு வந்து பெட்டிய எறக்குற அன்னிக்கு நாங்க பெட்டியத் தூக்கிக்கறோம். மறுவார்த்தை பேச மாட்டோம்."

தனபால் பக்கென்று சிரித்துவிட்டான். "அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க மேடம். தேதி வேணுமுங்க."

"அப்ப அவரு வார தேதியச் சொல்லுங்க. அதையே போட்டுக்கலாம்."

அண்ணன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலையில் பழுத்த இலையைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அப்போது பழனாத்தாள் அக்கா கேட்டார்: "சொல்லுங்களே. எப்ப வாரான்?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் யாராலும் நடுவில் புக முடியவில்லை.

"பாக்கலாம்" என்றார் அண்ணன்.

"போன வருசமும் வாரான்னீங்க. அதுக்கு முந்தி மளிகைக்கடைக்காரரு தம்பி ஊடு கேட்டு வந்தப்பவும் வாரான்னீங்க. ஏசி வாங்கலாம்னா வரட்டும்னீங்க. எந்த மாசம்னாச்சும் சொல்லுங்க. எனக்குச் சொல்றதுக்குமா பதினொரு மாசம்?"

"பழனா, வந்தவங்க முன்னாடி..."

"அவங்களுக்குத்தான் தெரியுமே. எனக்குத்தான் தெரியல."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். எரிச்சலாகச் சொன்னார்: "அவன் வரல. அங்கயே ஊடு வாங்கிப்போட்டான். இவங்களாட்டம் வர்றவங்ககிட்டச் சொல்றதுக்குன்னு ஒண்ணு சொன்னா, நீ அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு ஏசிங்கற, மெத்தைங்கற. நான் என்ன பண்றது?"

"எங்களாட்டம் வர்றவங்ககிட்டீங்களா?" என்றார் கதிரேசன். மெதுவாகத்தான் கேட்டார்.

அண்ணனிடம் எப்போதும் ஒரு மரியாதை வார்த்தை கைவசம் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். எங்கள் வீதியில் பாதிப்பேர் அப்படித்தான் பிற்பாடு சொன்னார்கள், அவர் அழவில்லை என்று நான் சொல்லியும். அக்கா தனபால் பக்கம் திரும்பினார். "இவங்க மொதல்ல எத்தன வருசம் கேட்டாங்க?"

"ரெண்டுங்கக்கா."

"மூணு போடு. எம்பேர்ல இருக்கற ஊடுதானே, நாந்தானே கையெழுத்துப் போடோணும்?"

"பதினொரு மாசத்துக்கு மேல போனா பத்திர ஆபீசுல பதியோணும் பழனா" என்றார் அண்ணன். "அலைச்சலு. அப்புறம் நாளைக்கு நமக்கே வேணும்னா..."

"யாருக்கு வேணும்?" என்றார் அக்கா. "ஆடி பொறக்கறதுக்குள்ள பதிஞ்சர்லாம். தனபாலு, காரு சொல்லு."

மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டு அக்கா பொற்கொடியின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஏதாவது மலரும் என்று எதிர்பார்த்திருப்பார், நானும் எதிர்பார்த்தேன்.

"மூணு வேண்டாமுங்க" என்றாள் பொற்கொடி. "ரெண்டு போதும். கேட்டது ரெண்டுதாங்க. பாப்பா பரிட்சை எழுதி, காலேஜுல சேந்து நெலச்சுட்டா நாங்க எங்க வழிக்குப் போயிருவோம். அதுக்கு மேல இங்க எங்களுக்கு என்னங்க இருக்குது?"

அக்கா முகம் சுருங்கியது. கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவள் என்று அன்று மாலையே என்னிடம் சொன்னார். தப்பென்றும் எனக்குச் சொல்ல வரவில்லை, சரியென்றும் சொல்ல வரவில்லை. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் திருப்தியாக வெளியே போனவன் தனபால் ஒருத்தன்தான். அவனுக்கு இரண்டாவது கமிஷன்.

ஆனி முடிவதற்கு முந்தின நாள் பதிந்துவிட்டு வந்தார்கள். எல்லோரும் ஒரே காரில் போனார்கள், ஒரே காரில் வந்தார்கள். வழி பூரா ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். தனபால் சொன்னான். அக்கா மட்டும் பத்திர ஆபீசில் முழுப் பத்திரத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க.

மறுநாள் காலையில் மாடியில் டொக்கு டொக்கு என்று சத்தம். வாடகை வீட்டுச் சுவரில் பத்தரை மாதமாக ஒரு காலண்டர்கூட மாட்டாமல் இருந்தவர்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று நிற்கவில்லை. ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவருக்குப் போனது. மேலே, இன்னும் கீழே என்று கயல்விழி அளவு சொல்கிற குரல் கேட்டது.

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து மேலே பார்த்தார். மாடிச் சுவரெல்லாம் புதுப் பூச்சு. ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் துள்ளியது.

"ஏனுங்க..." என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

சத்தம் நின்றது. பொற்கொடி சுத்தியலோடு எட்டிப் பார்த்தாள். "சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். வீட்டுக்குள் அக்கா டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லீங்க" என்றார். "பாத்து அடிங்க. கையில பட்டுரப் போகுதுங்க."

சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவர் திரும்பி, எதிரே நின்றுகொண்டிருந்த என்னை முறைத்தார், என்னவோ சுத்தியலை நான் வாங்கிக் கொடுத்த மாதிரி.